கூற்றும் கூற்றுவனும்: டெரி பிராட்செட்டின் ‘மோர்ட்’ வரைகதைத் தழுவலில் நகையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

நகைச்சுவை மிகுபுனைவு நாவல் ஒன்று வரைகதையாகத் தழுவப்படும்போது கதையும் மாந்தரும் பெரும்பாலும் அவ்வாறே இடம்பெயர்கின்றன. நகை மட்டும் எளிதில் இடம்பெயர்வதில்லை. நாவலில் நகை கதைசொல்லியின் கூற்றில் தங்கியிருப்பதும், வரைகதையில் கதைசொல்லி ஓரத்துக்கு ஒதுக்கப்படுவதும் இதற்குக் காரணங்கள் ஆகும். டெரி பிராட்செட்டின் ‘மோர்ட்’ நாவலை முதன்மைச் சான்றாகவும், அவருடைய பிற நாவல்களின் தழுவல்களைத் துணைச் சான்றுகளாகவும் கொண்டு, தழுவலில் நகை எங்கு இழக்கப்படுகிறது, எங்குப் புதிதாகப் பிறக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாடு, உவமம் ஆகிய கருத்தாக்கங்கள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தழுவல், வரைகதை, மிகுபுனைவு, மெய்ப்பாடு, உவமம், நகை, டெரி பிராட்செட்

முன்னுரை

தழுவல் குறித்த தமிழ் ஆய்வுகள் பெரிதும் நாவலுக்கும் திரைப்படத்துக்கும் இடையிலான உறவையே பேசுகின்றன. கிராஃபிக் நாவல் எனப்படும் வரைகதை அவ்வுறவுக்குள் அரிதாகவே இடம்பெறுகிறது. திரைப்படத்தைப் போலவே வரைகதையும் ‘காட்டும்’ கலைதான் என்னும் பொதுக்கருத்து இதற்கு ஒரு காரணமாகலாம். தழுவல் கோட்பாடு பற்றிய தம் நூலில் (2006) லிண்டா ஹட்சன் சொல்லுதல், காட்டுதல், ஊடாடுதல் என்னும் மூன்று ஈடுபாட்டு முறைகளை வகுத்துரைக்கிறார். அவ்வகைப்பாட்டில் நாவல் சொல்லும் கலையாகவும் திரைப்படம் காட்டும் கலையாகவும் அமைகின்றன. வரைகதையோ காட்டிக்கொண்டே சொல்லும் கலை. அதில் சொல் படத்தோடு ஒரே தளத்தில், ஒரே மையால் அச்சாகிறது. வாசகர் சொல்லையும் படத்தையும் தம் விருப்பத்துக்கேற்ற வேகத்தில் மாறி மாறி நோக்குகிறார். எனவே வரைகதைத் தழுவலைத் திரைப்படத் தழுவலின் சிறுவடிவமாகக் கருதுவது பொருந்தாது.

இவ்வேறுபாடு நகைச்சுவைப் படைப்புகளில் மிகத் தெளிவாகப் புலப்படும். துப்பறியும் நாவலின் மையம் நிகழ்ச்சிக் கோவை. அதனைப் பிறிதொரு வடிவத்தில் மீட்டமைக்க இயலும். நகைச்சுவை நாவலின் மையமோ நிகழ்ச்சியைச் சொல்லும் முறை. சொல்பவரை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

தழுவல்களின் வரலாறு

டெரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசை 1983 முதல் 2015 வரை 41 நாவல்களைக் கொண்டது. நான்கு யானைகள் தாங்க, அவற்றை ஒரு மாபெரும் ஆமை சுமக்க, அண்டவெளியில் மிதந்து செல்லும் தட்டையான உலகமே இவ்வரிசையின் களம். முதல் நாவலான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ 1991இல் ஸ்காட் ராக்வெல்லின் தழுவலாகவும் ஸ்டீவன் ராஸின் ஓவியங்களோடும் அமெரிக்காவில் வரைகதையாக வெளிவந்தது. 1987இல் வெளியான ‘மோர்ட்’ நாவலைப் பிராட்செட்டும் ஓவியர் கிரகாம் ஹிக்கின்சும் இணைந்து 1994இல் வரைகதையாக்கினர். ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) நாவலின் வரைகதை, ஸ்டீபன் பிரிக்ஸின் தழுவலாகவும் ஹிக்கின்ஸின் ஓவியங்களோடும் 2000இல் வந்தது. ‘ஸ்மால் காட்ஸ்’ (1992) நாவலை ரே ஃபிரீசன் 2016இல் தழுவினார்.

இப்பட்டியலில் தழுவுவோரின் நிலை மாறிக்கொண்டே வருவது கருதத்தக்கது. ஓரிடத்தில் நாவலாசிரியரே தழுவலில் பங்குகொள்கிறார். பிறிதோரிடத்தில் பிராட்செட்டின் நாவல்களை மேடை நாடகங்களாக்கிப் பழகிய பிரிக்ஸ் அப்பணியை ஏற்கிறார். இறுதியில் எழுத்தும் ஓவியமும் ஒருவர் கைக்கே வந்துசேர்கின்றன. நாவலின் சொல்லைக் காப்பதில் நாவலாசிரியருக்கும், உடலசைவைக் காண்பதில் நாடகத் தழுவலாளருக்கும், சொல்லையும் படத்தையும் ஒன்றாகச் சிந்திப்பதில் ஓவியருக்கும் இயல்பான சாய்வு இருக்கக்கூடும். இக்கட்டுரை இத்தழுவல்களைப் பக்கவாரியாக ஒப்பிடுவதன்று. நாவல்கள் முன்வைக்கும் வடிவச் சிக்கல்களையும் வரைகதை அவற்றுக்கு விடைகாணும் வழிகளையும் வகைப்படுத்துவது.

உவமத்தின் நகை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலும் உவமவியலும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உள்ளத்து உணர்வு உடலின்வழிப் பிறர்க்குப் புலனாவதை முன்னது பேசுகிறது. ஒரு பொருளைப் பிறிதொரு பொருளின்வழிப் புலப்படுத்துவதைப் பின்னது பேசுகிறது. நாவலின் நகையையும் வரைகதையின் நகையையும் பிரித்தறிய இவ்விரு கருத்தாக்கங்களும் துணைபுரிகின்றன. பிராட்செட்டின் நாவலில் நகை பெரிதும் உவமத்தின்வழிப் பிறக்கிறது. வரைகதையில் அது மெய்ப்பாட்டின்வழியே பிறக்க வேண்டியுள்ளது.

உவமம் படத்தில் வரைதற்கு அரியது. ஒருவர் நடை நாரையைப் போன்றது என்று உரைநடை கூறும்போது வாசகர் மனிதரையும் நாரையையும் ஒருங்கே எண்ணி, இரண்டும் ஒன்றல்ல என்பதையும் உணர்ந்தே நகைக்கிறார். ஓவியர் நாரையை வரைந்தால் நாரை கதைக்குள் வந்துவிடும். வரையாவிட்டால் மனிதர் மட்டுமே எஞ்சுவார். ‘போல’ என்னும் உருபுக்குரிய கோடு ஓவியத்தில் இல்லை. மிகுபுனைவில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. விந்தைகள் உண்மையாகவே நிகழும் உலகில், வரையப்பட்ட உவமத்தை மற்றுமொரு விந்தையாக வாசகர் மயங்கிக்கொள்ள இடமுண்டு.

‘தி கலர் ஆஃப் மேஜிக்’ நாவலின் ‘ஆக்டரின்’ என்னும் எட்டாவது நிறமும் இத்தகையதே. அது மந்திரத்தின் நிறம். மந்திரவாதிகளும் பூனைகளும் மட்டுமே காணக்கூடியது. உரைநடையில் அந்நிறம் ஒரு சொல். காண இயலாமையே அதன் நகை. வரைகதையில் அது அச்சாக வேண்டும். அச்சான எந்நிறமும் வாசகர் கண்ணுக்குப் புலனாவது. ஆகவே வரையறையின்படியே அது ஆக்டரின் அன்று. இஃது ஓவியரின் குறைபாடன்று. சொல்லால் இயல்வதும் கோட்டால் இயலாததும் சந்திக்கும் எல்லையாகும்.

அடிக்குறிப்பும் இவ்வாறே. பிராட்செட்டின் நாவல்களில் அடிக்குறிப்பு ஆய்வு நூலின் வடிவத்தைப் பகடி செய்வது. கதையை இடைநிறுத்தி, தேவையற்ற செய்தியைத் தேவையானது போல அறிவிப்பது. வாசகர் கண் பக்கத்தின் அடிக்குச் சென்று மீளும் அந்தச் சிறு தாமதத்தில் நகை பிறக்கிறது. வரைகதைப் பக்கத்திலோ கண் ஏற்கெனவே பல திசைகளில் பயணிக்கிறது. அங்கு அடிக்குறிப்பு இடையீடாக உணரப்படாமல் மற்றுமொரு விவரணைப் பெட்டியாகவே உணரப்படும்.

இவ்விடத்தில் தழுவலாளருக்கு ஒரு தூண்டுதல் எழுகிறது. நல்ல வாக்கியங்களை இழக்க மனமின்றி அவற்றை விவரணைப் பெட்டிகளுக்குள் அடைத்துவிடலாம். வரைகதை பற்றிய தம் 1993ஆம் ஆண்டு நூலில் ஸ்காட் மெக்கிளவுட் சொல்லும் படமும் இணையும் முறைகளைப் பலவாக வகுக்கிறார். சொல்லே முழுப்பொருளையும் தர, படம் வெறும் விளக்கமாக நிற்பது அவற்றுள் ஒன்று. சொல்லும் படமும் ஒன்றையே கூறுவது மற்றொன்று. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்றான ‘கூறியது கூறல்’ இவ்விரண்டாம் வகைக்குப் பொருந்துகிறது. பிற சுவைகள் இக்குற்றத்தை ஓரளவு தாங்கும், நகை தாங்காது. விளக்கப்பட்ட நகைச்சுவை நகைச்சுவையாக எஞ்சுவதில்லை. சொற்களுக்கு உண்மையாக இருக்கும் தழுவல் நகைக்கு உண்மையற்றதாகிவிடும் முரண் இங்குத் தோன்றுகிறது.

முகமற்றவனின் மெய்ப்பாடு

‘மோர்ட்’ நாவலின் மையப் பாத்திரம் இறப்பின் உருவமாகிய எலும்புக்கூடு. அதனைக் கூற்றுவன் என்று இக்கட்டுரை வழங்குகிறது. ‘கூற்று’ என்னும் தமிழ்ச்சொல் சொல்லுதலையும் உயிரைக் கூறுபடுத்தும் தெய்வத்தையும் ஒருங்கே குறிப்பது இவ்வாய்வுக்கு வாய்ப்பாக அமைகிறது. பிராட்செட்டின் கூற்றுவன் கொல்பவன் அல்லன்; குறித்த நேரத்தில் வந்து தன் கடமையைச் செய்பவன். அவன் பூனைகளை விரும்புகிறான்; பிங்கி என்னும் உயிருள்ள வெண்குதிரையில் செல்கிறான்; ஒரு பெண்ணை மகளாக வளர்க்கிறான். மோர்ட் என்னும் இளைஞனைத் தொழில் பயிலச் சேர்த்துக்கொண்ட பின், மனிதர் மகிழ்வது எவ்வாறு என்றறியப் புறப்படுகிறான். குடித்தும் ஆடியும் மீன்பிடித்தும் பார்த்து, இறுதியில் ஓர் உணவகத்தில் சமையற்காரனாகிறான்.

தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என நான்கு களன்களைக் கூறுகிறார். மோர்ட் தோன்றும் பகுதிகளில் இளமையும், கூற்றுவன் தோன்றும் பகுதிகளில் பேதைமையும் நகைக்கு நிலைக்களன்கள். உலகின் எல்லா உயிர்களின் முடிவையும் அறிந்தவன், கொண்டாட்டம் என்றால் என்ன என்று அறியாதவனாக நிற்கிறான். நாவலில் இப்பேதைமையைக் கதைசொல்லி நமக்கு உணர்த்துகிறார். வரைகதையில் அதனைக் கூற்றுவனின் உடலே காட்ட வேண்டும். ஆனால் எலும்புக்கூட்டுக்கு முகத்தசை இல்லை; மண்டையோடு எப்போதும் ஒரே இளிப்பில் உறைந்திருப்பது. மெய்ப்பாட்டுக்குரிய ‘மெய்’ இல்லாத பாத்திரத்துக்கு மெய்ப்பாடு எவ்வாறு இயலும்?

இவ்வினாவுக்கான விடை வரைகதையின் அமைப்பிலேயே உள்ளது. சட்டகங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை வாசகர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்வதே வரைகதை வாசிப்பின் அடிப்படை என்பது மெக்கிளவுட்டின் கருத்து. மாறாத மண்டையோடு ஒன்று அடுத்தடுத்த சட்டகங்களில் வரையப்படும்போது அதைச் சுற்றியுள்ள சூழல் மாறுகிறது: குடிப்போர் நடுவில், ஆடுவோர் வரிசையில், சமையற்கூடத்தில். முகம் மாறாதிருக்க, வாசகரே அதில் குழப்பத்தையும் தனிமையையும் விருப்பத்தையும் மாறி மாறிக் காண்கிறார். இங்கு மெய்ப்பாடு முகத்தில் நிகழவில்லை. சட்டகங்களுக்கு இடையே நிகழ்கிறது. நாவலில் கதைசொல்லி செய்த பணியை வரைகதையில் அவ்வெற்றிடம் செய்கிறது எனலாம்.

‘தி கலர் ஆஃப் மேஜிக்’ நாவலின் நூற்றுக்கணக்கான சிறுகால்களைக் கொண்ட பயணப்பெட்டியும், ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில் ஒற்றை ஒலியால் மட்டுமே பேசும் ஒராங்குட்டான் நூலகரும் இவ்வகையினரே. முகமற்றவையும் மொழியற்றவையும் பிராட்செட்டின் புனைவில் மிகுதி. உரைநடையில் அவற்றின் உள்ளத்தை ஊகித்துச் சொல்பவர் கதைசொல்லி. வரைகதையில் ஊகிக்கும் பொறுப்பு வாசகருக்கு உரியது. ஆகவே இங்குத் தழுவல் இழப்பன்று. நகையை நிகழ்த்தும் பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறுவது.

எழுத்துருவாகிய குரல்

நாவலில் கூற்றுவனின் பேச்சு மேற்கோள் குறிகளின்றிச் சிறிய அளவிலான ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாகிறது. இது வெறும் அலங்காரமன்று. அவன் குரல் காதின்வழிச் செல்லாமல் நேரே மனத்துள் ஒலிப்பது என்பதை எழுத்துருவே உணர்த்துகிறது. கதையின் முக்கிய நிகழ்ச்சி ஒன்றும் எழுத்துருவிலேயே நடக்கிறது. தொழிலில் ஆழ ஆழ மோர்ட்டின் பேச்சும் இடையிடையே பெரிய எழுத்துகளுக்கு மாறுகிறது. அவன் கூற்றுவனாகிக்கொண்டிருப்பதை, அவனே உணரும் முன் வாசகர் பக்கத்தில் கண்டுவிடுகிறார்.

ஆங்கில வரைகதையில் எல்லா மாந்தரின் பேச்சையும் பெரிய எழுத்துகளில் எழுதுவது நெடுங்காலப் பொது மரபு. அம்மரபைப் பின்பற்றினால் அனைவரும் கூற்றுவனின் குரலில் பேசுவோராகிவிடுவர். நாவலில் தனித்து நின்ற குறியீடு வரைகதையில் பொதுவழக்குக்குள் கரைந்துவிடுகிறது. எனவே தழுவலாளர் பேச்சுக் குமிழியின் வடிவம், நிறம், எழுத்தின் தடிமன் போன்ற வேறு குறியீடுகளை நாட வேண்டும். நாவலின் அதே எழுத்துருவை வைத்திருப்பது ‘உண்மையான’ தழுவல் ஆகாது. அவ்வெழுத்துரு நாவலில் உண்டாக்கிய வேறுபாட்டை மீட்டெடுப்பதே தழுவல். சொல்லைக் காப்பதும் வேறுபாட்டைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காண்போர் யார்?

டிஸ்க்வேர்ல்டில் கூற்றுவனைப் பொதுமக்கள் காண்பதில்லை. அவன் மறைந்திருப்பதனால் அன்று; காண அவர்கள் மனம் மறுப்பதனால். மந்திரவாதிகளுக்கும் பூனைகளுக்கும் அவன் தெரிவான். உரைநடை வாசகரும் ஒருவகையில் பொதுமக்களுள் ஒருவரே. கதைசொல்லி சொல்லும்போது மட்டுமே அவர் கூற்றுவனைக் காண்கிறார். வரைகதை வாசகரோ எப்போதும் காண்கிறார். மந்திரவாதிகள், பூனைகள் ஆகியோரின் இடத்தில் அவர் அமர்த்தப்படுகிறார்.

இம்மாற்றம் இளவரசி கெலியின் கதையில் பெரும்பயன் தருகிறது. கொலையுண்டு இறக்க வேண்டிய கெலியை மோர்ட் இரக்கத்தால் காப்பாற்றிவிடுகிறான். ஆனால் வரலாறு அவள் இறந்துவிட்டதாகவே நடந்துகொள்கிறது. அரண்மனையோர் அவளைக் கவனிப்பதில்லை, கவனித்தாலும் மறந்துவிடுகின்றனர். தான் இருப்பதைப் பிறர்க்கு நினைவூட்டவே அவள் ஒரு மந்திரவாதியைப் பணியில் அமர்த்துகிறாள். நாவலில் இந்நிலையைச் சொற்களே விளக்குகின்றன. வரைகதையில் விளக்கம் தேவையில்லை. சட்டகத்தின் நடுவே அரசிக்குரிய கோலத்தில் அவள் நிற்பதும், அவளைக் கடந்து பிறர் தம் வேலையைப் பார்ப்பதும் போதுமானவை. அங்கு நகையும் அவலமும் ஒரே கோட்டில் வரையப்படுகின்றன.

‘ஸ்மால் காட்ஸ்’ இவ்வழியில் இன்னும் நெடுந்தூரம் செல்ல இடந்தருகிறது. ஓம் என்னும் பெருந்தெய்வம் ஒரு சிறிய ஆமையாகச் சிறுத்துக் கிடக்கிறது. அதன் பெயரால் ஒரு பேரரசே நடந்தாலும் அதனை உண்மையாக நம்புபவன் புரூத்தா என்னும் எளிய இளந்துறவி ஒருவனே. ஓம் இடியும் மின்னலும் கொண்டு அச்சுறுத்தும், நிகழ்வது ஒன்றுமில்லை. தொல்காப்பியர் மருட்கைக்குரியனவாகக் கூறும் பெருமையும் சிறுமையும் இங்கு ஒரே பாத்திரத்தில் மோதி நகையாகின்றன. உரைநடையில் ஓம் பேசப் பேச அது ஆமை என்பதை வாசகர் மறந்துவிடக்கூடும். வரைகதையில் மறக்க வழியில்லை. குமிழியில் தெய்வத்தின் சினம். அதன் வாலின் முனையில் கையளவு ஆமை. பெருமை சொல்லிலும் சிறுமை படத்திலுமாக நிற்க, ஒன்றின்றி மற்றொன்றுக்குப் பொருளில்லை. சொல்லும் படமும் ஒன்றையொன்று சார்ந்து, தனித்தனியே தர இயலாத பொருளைத் தருவதாக மெக்கிளவுட் குறிப்பிடும் சேர்க்கை இதுவே. நகைச்சுவை வரைகதையின் இயல்பான உறைவிடமும் இதுவே ஆகும்.

தமிழுக்கு வருங்கால்

வரைகதை மொழிபெயர்ப்பு தமிழுக்குப் புதிதன்று. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதலும் லயன் காமிக்ஸ் 1984 முதலும் அயல்மொழிச் சித்திரக்கதைகளைத் தமிழில் தந்துள்ளன. லக்கி லூக் போன்ற நகைச்சுவைத் தொடர்களும் அவற்றுள் அடங்கும். எனவே மேற்கண்ட சிக்கல்கள் தமிழ்ப் பதிப்புப் பணிக்கும் உரியவை.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்னும் வேறுபாடு இல்லை. ஆதலால் கூற்றுவனின் குரலைத் தமிழில் எழுத்துருவால் மட்டும் வேறுபடுத்தினால் அது தடித்த எழுத்து என்னும் அளவில் நின்றுவிடும். தமிழிடம் பிறிதொரு வளம் உண்டு. அதுவே எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்னும் இரட்டை வழக்கு. பிற மாந்தர் பேச்சுத் தமிழிலும் கூற்றுவன் மட்டும் பிசகாத செந்தமிழிலும் பேசினால், ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்த பணியைத் தமிழில் வழக்கு செய்யும். மோர்ட்டின் மாற்றத்தையும் இதனால் காட்டலாம். முதலில் ‘வரேன்’ என்றவன், பின்னர் ‘வருகிறேன்’ என்று சொல்லி, இறுதியில் ‘வருகின்றேன்’ என்று நிற்கும்போது, இடையில் நடந்ததை எவரும் விளக்க வேண்டியதில்லை. எல்லா மாந்தரையும் ஒரே எழுத்துத் தமிழில் பேசவைக்கும் மொழிபெயர்ப்பு இவ்வாய்ப்பைத் தானே இழந்துவிடுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று முடிவுகளைக் கூறலாம். முதலாவது, உவமம், அடிக்குறிப்பு என வாக்கியத்துக்குள்ளேயே முடியும் நகை வரைகதைக்கு வருவதில்லை. வலிந்து கொணர்ந்தால் அது ‘கூறியது கூறல்’ ஆகிறது. இரண்டாவது, சொல்லப்படுவதற்கும் இருப்பதற்கும் இடையிலான முரணில் பிறக்கும் நகை வரைகதையில் வலுப்பெறுகிறது. முரணின் ஒரு பாதியைச் சொல்லும் மறுபாதியைப் படமும் ஏற்றுக்கொள்கின்றன. மூன்றாவது, முகமற்ற பாத்திரங்களின் மெய்ப்பாடு வாசகரின் பங்களிப்பால் சட்டகங்களுக்கு இடையே உருவாகிறது. ஆகவே தழுவலை மதிப்பிடுவோர், நாவலின் வாக்கியங்கள் எத்தனை எஞ்சின என்று எண்ணுவதை விடுத்து, நாவல் நகைத்த இடங்களில் தழுவலும் தனக்குரிய வழியில் நகைக்கிறதா என்று வினவுதல் வேண்டும்.

இவ்வினா வெறும் வடிவம் பற்றியதன்று. ‘மோர்ட்’ நகைச்சுவை நாவலாயினும் அதன் பொருள் இறப்பு; கடமைக்கும் இரக்கத்துக்கும் இடையே ஓர் இளைஞன் படும் பாடு. இறப்பை நெருங்கிய வாசகர்கள் பிராட்செட்டின் கூற்றுவனைப் போன்றவனே தம்மை எதிர்கொள்ள வேண்டும் என்று விரும்பித் தமக்கு எழுதியதாக அவரே குறிப்பிட்டுள்ளார். அவர்களுக்கு ஆறுதல் தந்தது எலும்புக்கூட்டின் உருவமன்று. அவ்வுருவத்தைப் பார்த்துக்கொண்டே நகைக்க இயன்ற நிலை. தழுவலில் அந்நகை இழக்கப்படுமாயின் கூற்றுவன் அச்சமூட்டும் பேயாகவோ வேடிக்கைப் பொம்மையாகவோ சுருங்குவான். நகை காக்கப்படுமாயின், மாறாத அம்மண்டையோட்டில் வாசகர் தாமாகவே பரிவைக் கண்டுகொள்வர். நகைச்சுவை மிகுபுனைவின் வரைகதைத் தழுவல் ஏற்கும் பொறுப்பு இத்தகையது. அதனை ஆராய்வதற்கான கருவிகள் தமிழ் இலக்கணப் புலமையிலேயே உள்ளன.